மாய வித்தைத் திரைப்படங்களின் மிகைமதிப்பும் குறைமதிப்பும்: குற்றாலக் குறவஞ்சி தரும் அளவுகோல்

முன்னுரை

குற்றாலத்துச் சித்திர சபையில் கூத்தப்பெருமான் ஓவிய வடிவிலேயே வழிபடப்பெறுகிறார். காண்பது சுவரில் தீட்டிய வண்ணம் என்பதை அறிந்தே அன்பர்கள் கைகூப்புகின்றனர். தோற்றத்தைத் தோற்றம் என அறிந்த பின்னும் அதில் ஈடுபட இயலும் என்பதற்கு இச்சபை சான்று. ஆயின் தமிழில் மாய வித்தையைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களை மதிப்பிடுவோர், அவை எழுப்பும் வியப்பின் அளவையே மதிப்பின் அளவாகக் கொள்வது மிகுதி. இதனால் சில படங்கள் தகுதிக்கு மேலாகவும் சில தகுதிக்குக் கீழாகவும் மதிக்கப்பெறுகின்றன. மெர்சல், மர்மயோகி, மாயாபஜார் ஆகிய மூன்று படங்களைக் குற்றாலக் குறவஞ்சி தரும் அளவுகோலால் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

குறவஞ்சியின் அளவுகோல்

தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றியது திருக்குற்றாலக் குறவஞ்சி. வசந்தவல்லிக்குக் குறி சொல்லிப் பரிசில் பெற்ற சிங்கியைத் தேடிவரும் சிங்கன், அவள் மேனியிலுள்ள அணிகளைக் கண்டு மருள்கிறான். காலைச் சுற்றிய விரியன் போலச் சிலம்பு தோன்றுகிறது. சுண்டுவிரலில் சுருண்ட பூச்சி போலக் காலாழி தோன்றுகிறது. அவன் ஒவ்வொன்றாக வினவ, அது இன்னது, இன்ன நாட்டில் பெற்றது எனச் சிங்கி விடையிறுக்கிறாள். கயிற்றரவு என மெய்யியலார் விளக்கும் மயக்கம் இங்கு நகைச்சுவையாகிறது. மயக்கம் எழுகிறது, ஐயுற்றவன் கேட்கிறான், பொருளின் வரலாறு வெளிப்படுகிறது. இம்மூன்று படிகளும் உள்ளனவா என்பதே அளவுகோல்.

மிகைமதிப்பு: மெர்சல்

அட்லீ இயக்கிய மெர்சல் (2017) படத்தில் விஜய் ஏற்ற மூன்று வேடங்களுள் ஒன்று மேடை வித்தைக்காரன் வெற்றி. அவ்வித்தைக் காட்சிகளின் பொலிவு பாராட்டப்பெற்றது; மருத்துவ வணிகம், ஜி.எஸ்.டி. குறித்த வசனங்கள் விவாதத்திற்குள்ளாயின. வித்தைக்கும் கதைப்பொருளுக்கும் உள்ள உறவு போதிய அளவு வினவப்படவில்லை. மருத்துவத்தில் நிகழும் ஏமாற்றை அம்பலப்படுத்த முனையும் படம், தன் நாயகனின் ஏமாற்றை மட்டும் வியக்கச் செய்கிறது. கிறிஸ்டோபர் நோலனின் தி பிரெஸ்டீஜ் (2006) படத்திலும் இரட்டையரின் உருவ ஒற்றுமை உண்டு. அங்கு அந்த மறைபொருளைக் காக்க ஒருவன் தன் விரல்களை இழக்கிறான். இருவரும் ஒரே வாழ்வைப் பங்கிட்டு வாழ்கின்றனர். வித்தைக்கு விலை உண்டு என்பது புலனாகிறது. மெர்சலில் இரட்டை உருவம் நாயகனின் ஆற்றலைப் பெருக்கும் கருவியாகவே நிற்கிறது.

குறைமதிப்பு: மர்மயோகி

கே. ராம்நாத் இயக்கத்தில் ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரித்த மர்மயோகி (1951), எம்.ஜி.ஆரின் வளர்ச்சியில் ஒரு படிக்கல்லாகவும், பேய்க் காட்சிகளால் ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்னும் சான்றிதழ் பெற்ற தமிழ்ப் படமாகவும் மட்டுமே நினைக்கப்படுகிறது. ஆயின் இதில் பேய் என ஒன்று இல்லை. ஊர்வசியின் சூழ்ச்சியால் மாண்டதாகக் கருதப்பட்ட மன்னன் உயிரோடிருந்து அவளை அச்சுறுத்துகிறான். ஷேக்ஸ்பியரின் மக்பெத்தில் பாங்கோவின் ஆவி குற்றவாளியின் கண்ணுக்கு மட்டுமே தோன்றுகிறது. அது மெய்யா, மனமயக்கமா என்னும் வினா முடிவின்றி நிற்கிறது. மர்மயோகியோ விடையளிக்கிறது: தோன்றியது உயிருள்ள மனிதன், அச்சத்தை வளர்த்தது குற்ற உணர்வு. சான்றிதழ் தோற்றத்தைக் கருதி வழங்கப்பட்டது. படம் அத்தோற்றத்தைக் கலைக்கிறது. எனினும் இவ்வெளிப்பாடு அரசுரிமையை மீட்பதோடு பிணைந்திருப்பதால், குடிமக்களின் ஐயத்திற்கு இங்கு இடம் குறைவு. இக்குறையையும் சேர்த்தே இப்படம் ஆராயப்பட வேண்டும்.

இடம் மாறிய பாராட்டு: மாயாபஜார்

கே.வி. ரெட்டியின் மாயாபஜார் (1957) குறைவாக மதிக்கப்பட்ட படமன்று. ஆனால் பாராட்டு இடம் மாறி விழுகிறது. கடோத்கசனின் விருந்தும் மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு நுட்பமும் போற்றப்படுகின்றன. வத்சலையின் வடிவில் இருப்பவன் கடோத்கசன் என்பதைப் பார்வையாளர் அறிவர், கௌரவர் அறியார். நகை இந்த அறிவிலிருந்தே பிறக்கிறது. காண்போர்க்கு விருப்பமானதைக் காட்டும் பேழையும், ஏறி நிற்பவரை உண்மை பேசவைக்கும் பீடமும் ஒரே கதையில் அமைந்துள்ளன. விழைந்ததைக் காட்டுவதில் தொடங்கிச் சகுனி உண்மையை ஒப்புவதில் முடியும் இவ்வமைப்பு, திரைக்கலையின் இயல்பையே உணர்த்துகிறது. இதுவே முதன்மையாகப் பேசப்பட வேண்டியது.

முடிவுரை

தென்காசியை அடுத்த சுந்தரபாண்டியபுரத்தில் அந்நியன் (2005) பாடற்காட்சிக்காகப் பாறைகளில் தீட்டிய ஓவியங்களை இன்றும் பயணிகள் தேடி வந்து காண்கின்றனர். தோற்றம் எவ்வாறு ஆக்கப்பட்டது என அறியும் வேட்கை பொதுமக்களிடம் உண்டு என்பதை இது காட்டுகிறது. அவ்வேட்கைக்குத் திறனாய்வு துணைநிற்க வேண்டும். வியப்பை மட்டும் போற்றும் திறனாய்வு, பார்வையாளரை அடியாராக்கும். சிங்கனைப் போல வினவும் திறனாய்வு, அவரை அறிவோராக்கும்.