கீழக்கரைப் பள்ளியும் நம் சாந்தும்

சங்க மலருக்கு எழுதச் சொல்லி மலர்க் குழுவினர் இரண்டு மாதமாக விடவில்லை. கடைசியில் தலைவர் அவர்களே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். கரண்டி பிடித்த கைக்குப் பேனா அவ்வளவாக வசப்படாது. பிழை இருந்தால் சங்கத்துப் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மம்சாபுரத்தில் பெரிய மேஸ்திரியிடம் என்னைப் போலத் தொழில் படித்தவர்களுக்கு ஒரு வழக்கம் தெரியும். கையாளாகச் சேர்ந்தவன் கொத்தனார் கூலிக்கு உயர வேண்டுமானால் இரண்டு இடம் பார்த்து வர வேண்டும். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில். ஊரெல்லாம் 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க, அவர் எங்களை நாயக்கர் காலத் தூண்களுக்குக் கீழே நிறுத்துவார். சிற்பத்தைப் பார்த்தால் அதட்டல் விழும். "பொம்மைய எல்லாரும் பாப்பான்டா. தூண் உத்தரத்தைத் தாங்குற இடத்தப் பாரு" என்பார். அந்த இடத்துப் போதிகையைத் தாளில் வரைந்து காட்டாமல் மத்தியானச் சாப்பாடு கிடையாது.

இரண்டாவது இடம் கீழக்கரை. அருப்புக்கோட்டை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கினால், சீதக்காதி வள்ளல் எழுப்பிய ஜும்ஆப் பள்ளிவாசல். கிழவன் சேதுபதி காலம், அதாவது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. வள்ளலின் அடக்கத்தலமும் அங்கேதான். உள்ளே நுழைந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வரைந்த தாளை எடுக்கச் சொன்னார். சதுரத்திலிருந்து பட்டைக்கு மாறும் தூண், அதன் தலையில் போதிகை, போதிகை நுனியில் தலைகீழாகத் தொங்கும் பூமுனை, வெளியே வளைந்து இறங்கும் கொடுங்கை, எல்லாம் நாம் பார்த்ததுதான். யாளி இல்லை, குதிரை வீரன் இல்லை, தெய்வ உருவம் ஒன்றும் இல்லை. உருவம் போன இடத்தைப் பூவும் கொடியும் பட்டைக் கணக்கும் நிரப்பியிருக்கின்றன. கோயில் செய்து பழகிய உளிதான் என்பதற்குச் செப்பேடு தேடிப் போக வேண்டியதில்லை. அன்றைக்கு எங்கள் பெரிய மேஸ்திரி, தொழுகைக்கு வந்த ஒரு முதியவரிடம், "ராவுத்தர் ஐயா, இந்தத் தூணுக்கு எண்ணெய் கிண்ணெய் தடவுறீங்களா?" என்று கேட்டார். "தண்ணி விட்டுக் கழுவுறதோட சரி" என்றார் அவர். எங்கள் பெரியவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பிறகு கண்டதில்லை.

அதே ஊரில் பழைய குத்பா பள்ளி, நபிகள் காலத்திலேயே எழுந்தது என்பது ஊர் வழக்கு. திருச்சியில் கோட்டை ரயில் நிலையத்தருகே உள்ள சிறு கல்பள்ளியின் கல்வெட்டை ஹிஜ்ரி 116 என்று படித்திருக்கிறார்கள். மூப்பு யாருக்கு என்ற வழக்கில் நமக்குப் பங்கில்லை. அது ஆலிம்களும் கல்வெட்டு அறிஞர்களும் பேசித் தீர்க்க வேண்டியது.

கைவழி என்று பார்த்தால் கீழக்கரையும் காயல்பட்டினமும் ஒரு வீடு. கல் மண்டபம், தட்டைக் கூரை, குவிமாடத்தில் ஆசையில்லை. மதுரை கோரிப்பாளையம் தர்காவில் குவிமாடம் வந்துவிடுகிறது. நாகூர் தர்கா தனி ராஜ்யம். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் எழுப்பிய பெரிய மினாரா மட்டும் 131 அடி. ஆற்காட்டு நவாப் குடும்பம் 1795இல் திருவல்லிக்கேணியில் கட்டிய வாலாஜா பள்ளி வடக்கத்திக் கை, மரமும் இரும்பும் சேராத கருங்கல் கட்டடம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு எட்ட நின்றுதான் பார்க்கத் தோன்றுகிறது. கீழக்கரையில் தூணில் சாய்ந்து உட்காரத் தோன்றும். என் பெரியவரின் பாடசாலை என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கல் வேலை தச்சருடையது, சாந்து கொத்தனார்களாகிய நம்முடையது. கடற்கரையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு, மலையடிவாரத்தில் கல் சுண்ணாம்பு. கிளிஞ்சல் வெள்ளைக்குப் பேர் போனது. சாந்தில் சேர்க்கும் கடுக்காய், கருப்பட்டிக் கணக்கெல்லாம் இந்த மலரைக் கையில் எடுப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரைத்தது வெண்ணெய்ப் பதம் வராமல் பெரியவர் சுவரைத் தொட மாட்டார். பூசி முடித்துக் கூழாங்கல்லால் தேய்க்கும்போது முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடி. ஒரு மிஹ்ராப் வளைவை என்னை மூன்று முறை சுரண்ட வைத்தார். மூன்றாவது முறைக்குக் கூலி தரவில்லை.

இப்போது நடப்பதைச் சொல்லாமல் முடித்தால் பெரியவரின் ஆன்மா மன்னிக்காது. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. சங்க உறுப்பினர் யாரையும் நிச்சயமாக இல்லை. நோன்பு வருகிறது, பழைய பள்ளியைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறார்கள். நல்லது. ஜமாஅத்தார் மனது வைத்துப் பணம் கொடுக்கிறார்கள், அதிலும் குறையில்லை. வேலை எடுத்தவர் என்ன செய்கிறார்? சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் இழுக்கிறார். சுண்ணாம்பு உள்ளே வாங்கிய ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதன் வாயை அடைத்துவிடும். கடற்கரை ஊரில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் உள்ளே பொருமி, சில மழைக்காலங்களில் பூச்சு பாளம் பாளமாக விழும். அதற்கும் பழி பழைய சுவருக்குத்தான்!

அதைக்கூடப் பொறுக்கலாம். கருங்கல் தூணுக்கு எனாமல் பெயின்ட்! முந்நூறு வருடம் கை தடவித் தடவி எண்ணெய் பூசியதுபோல் ஆகியிருந்த கல்லுக்குப் பச்சை, பூமுனைக்கு மஞ்சள், கொடிக்குச் சிவப்பு. உளி விட்ட கோடு பெயின்டுக்குள் மூழ்கிப் போகிறது, எழுத்திருந்தால் அதுவும் போச்சு. பிறகு இன்னொருவர் வந்து பெயின்டை எடுக்கிறேன் என்று மிஷின் வைத்து மணலைப் பீய்ச்சுகிறார், பூவின் இதழ் மழுங்கிவிடுகிறது. கோயிலிலும் இதே கதைதான், மதம் பார்த்துக் கெடுப்பதில்லை. தூக்குக்குண்டு விடத் தெரியாதவன் மேஸ்திரி, மணியாசுக் கட்டையைத் தலைகீழாகப் பிடிப்பவன் கான்ட்ராக்டர். அரைவையே தெரியாமல் மூட்டையைப் பிரித்தால் சாந்து என்று ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. போன வருடம் நம் ஆண்டு விழாவில் சாந்து அரைக்கும் போட்டி வைத்தோம். மூன்றே பேர் வந்தார்கள், மூவருக்கும் அறுபது தாண்டியிருந்தது. தேநீருக்கு மட்டும் எண்பது பேர்.

செயலாளர் இதைப் படித்தால் கொஞ்சம் குறைக்கச் சொல்வார். குறைக்கவில்லை.

வருகிற தை மாதம் கீழக்கரைக்குப் போவதாகச் செயற்குழுவில் பேச்சு இருக்கிறது. வருகிற இளைஞர்கள் ஒரு தாளும் பென்சிலும் கொண்டு வரட்டும். தொழுகை நேரம் விசாரித்துக்கொண்டு, காலை வெயில் சாய்வாக விழும்போதே உள்ளே போய்விட வேண்டும். பூமுனையின் அடிப்பக்கம் அப்போதுதான் தெரியும்.