தோடிக்குத் துணைநின்ற ராக்மேன்

மின் கிட்டாரின் ஒலியை ஸ்பீக்கர் பெட்டி எதுவுமின்றி நேரே ஹெட்போனுக்குக் கொண்டுசெல்லும் சிறு பெருக்கிகளுள் பழம்பொருள் தேடுவோர் இன்றும் முதலில் விசாரிப்பது ராக்மேனைத்தான். பாஸ்டன் என்னும் அமெரிக்க ராக் குழுவின் கிட்டார் கலைஞரும், எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பயின்று போலராய்ட் நிறுவனத்தில் பணியாற்றியவருமான டாம் ஷோல்ஸ், ஷோல்ஸ் ரிசர்ச் அண்ட் டெவலப்மென்ட் என்ற தம் சொந்த நிறுவனத்தின் வழியாக 1982இல் அதை வெளியிட்டார். எட்டுப் பென்சில் பேட்டரிகள், நான்கு ஒலி நிலைகள், எதிரொலி, கோரஸ் ஆகிய அதன் உறுப்புகளைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டதால் அவற்றை இங்கு மீண்டும் விரித்துரைக்கத் தேவையில்லை. அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்தில் சில வாரங்கள் நாள்தோறும் இரவில் வாசித்துப் பார்க்கப்பட்ட அத்தகைய கருவியொன்று, அதை வடிவமைத்தவர் நினைத்தும் பார்த்திராத ஓர் இடத்தில், அதாவது தோடி ராகத்தின் காந்தாரத்தில், தன் முழுத் திறனையும் காட்டியது என்பதே இங்குச் சொல்ல வேண்டியது.

தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் அசையாது நிற்கும் சுரம் அன்று. ரிஷபத்தின் பக்கம் தாழ்ந்தும் மத்தியமத்தை எட்டித் தொட்டும் ஊசலாடுவதே அதன் இயல்பு. ஒரு சுரத்தை இவ்வாறு அசைத்தும் வளைத்தும் இழைத்தும் காட்டும் முறைகளுக்குக் கர்நாடக இசையில் கமகம் என்று பெயர். வீணையில் மெழுகின் மேல் பதித்த இருபத்து நான்கு மெட்டுகளின் மீது தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மீட்டில் அந்த அசைவு முழுவதையும் எழுப்பிவிடலாம். கிட்டாரிலும், மெல்லிய தந்திகளைப் பூட்டினால், அதே இழுப்பு கைகூடும். ஆனால் மீட்டிய தந்தியின் ஒலி முதற்கணத்தில் ஓங்கி எழுந்து உடனே தேயத் தொடங்குவதால், முதல் அசைவு தெளிவாகக் கேட்க, இரண்டாவது மங்கி, மூன்றாவது அசைவு வாசிப்பவரின் விரலில் மட்டும் இருந்து காதை எட்டாமல் போகிறது. மீண்டும் மீட்டினாலோ கமகம் துண்டுபட்டு, ஒரு சுரம் மூன்று சுரங்களாகச் சிதறிவிடுகிறது.

ராக்மேன் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. அதன் சுற்றில் கம்ப்ரஸர் என்னும் பகுதி உண்டு. உள்ளே வரும் ஒலி மிகுந்திருக்கும்போது பெருக்கத்தைக் குறைத்தும், ஒலி தேயத் தேயப் பெருக்கத்தைக் கூட்டியும், வெளியேறும் ஒலியின் அளவை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிறுத்துவது அதன் வேலை. ஷோல்ஸுக்கு இது தேவைப்பட்டதன் காரணம் வேறு: பாஸ்டன் குழுவின் 1976ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில் கேட்பது போன்ற, முடிவின்றி நீண்டு பாடும் ராக் கிட்டார் ஒலியைப் பெரிய பெருக்கிகளின் பேரிரைச்சல் இல்லாமலே பெற வேண்டும் என்பது அவர் நோக்கமாக இருந்தது. அந்த நீட்சியே, சிதைவு சிறிதும் கலவாத தூய நிலையில் வைத்துக் காந்தாரத்தை இழுக்கும்போது, மூன்றாம் அசைவையும் அதன் பின் மத்தியமத்திலிருந்து வழுக்கி இறங்கும் ஜாருவையும் காதுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. பைரவியின் நிஷாதமும் இப்படியே துலங்குகிறது. கமகம் குறைந்த சுரங்களைக் கொண்டு நடக்கும் வாசிப்பில் இந்த வேறுபாடு அவ்வளவாகப் புலப்படுவதில்லை என்பதால், மேற்கத்திய இசைக்கலைஞர்கள் இதைப் பெரிதாகப் பேசாததில் வியப்பில்லை.

ஒலி நீட்சிக்காக மின்சாரத்தை நாடியது கர்நாடக இசையில் புதிதும் அன்று. ஆந்திரத்தின் பாலகொல்லுவில் 1969இல் பிறந்து சென்னையில் வளர்ந்து புகழ்பெற்ற உ. ஸ்ரீநிவாஸ், மாண்டலினின் இரட்டைத் தந்திகளை விடுத்து ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின் மாண்டலினுக்கு மாறியதற்கு, மரப்பெட்டி மாண்டலினின் குறுகிய ஒலி கமகத்துக்குப் போதாது என்பதே அடிப்படை. மின் கிட்டாரில் கர்நாடகக் கச்சேரி செய்த சுகுமார் பிரசாதும், ராணிப்பேட்டையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யிலும் பின்னர் பாஸ்டன் நகரின் பெர்க்லீ இசைக் கல்லூரியிலும் பயின்ற பிரசன்னாவும் இதே வழியில் வந்தவர்கள். மேடையில் இவர்களுக்கு நல்ல பெருக்கிகளும் ஒலிப்பதிவறிந்த துணைவர்களும் உண்டு. சிற்றூர் ஒன்றில் அடுத்தடுத்து ஒட்டிய வீடுகளுக்கு நடுவே, எல்லோரும் உறங்கிய பிறகு சாதகம் செய்யும் மாணவருக்கு அவை கிடையா. அவருக்கான கருவியாக ராக்மேன் அமைவதுதான் இதன் சிறப்பு.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, அதே கம்ப்ரஸர் பறித்துக்கொள்வது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். வீணை வாசிப்பில் மீட்டு என்பது வெறும் ஒலி எழுப்பும் செயல் அன்று. கீர்த்தனையின் சாகித்திய எழுத்து எங்கே விழுகிறதோ அங்கே மீட்டுவதும், வல்லெழுத்துக்கு அழுத்தியும் மெல்லெழுத்துக்குத் தளர்த்தியும் மீட்டுவதும் கேட்பவருக்குப் பாடலின் சொல்லை நினைவூட்டும் நுட்பங்கள். ராக்மேனோ அழுத்திய மீட்டையும் தளர்ந்த மீட்டையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துவிடுகிறது. இந்தக் குறை ஆலாபனையில் தெரியாது, கீர்த்தனையில் உறுத்தும், தானத்தில் பொறுக்க முடியாததாகிவிடும். தாளமின்றியே லயம் ததும்ப வாசிக்கப்படும் தானத்துக்கு உயிர் மீட்டுகளின் ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது; அந்த ஏற்றத்தாழ்வு மழிக்கப்பட்ட தானம், எத்தனை விரைவாக வாசித்தாலும், விரல் பயிற்சியாகவே ஒலிக்கிறது. கிட்டாரிலேயே உள்ள ஒலியளவுக் குமிழைக் குறைத்து வைத்தால் கம்ப்ரஸரின் பிடி சற்றுத் தளரும். ஆனால் அப்போது, இக்கருவியின் அடுத்த குறையான சீறல் தலைகாட்டுகிறது.

சீறல் என்பது எந்தப் பெருக்கியிலும் உள்ள மின்சுற்று இரைச்சல். ராக்மேனில் அது தொல்லையாவதற்குக் காரணம், தந்தியின் ஒலி தேயும்போது கம்ப்ரஸர் ஒலியோடு சேர்த்து இரைச்சலையும் உயர்த்துவதுதான். சுரம் முழங்கும்போது மறைந்திருந்து, சுரம் அடங்க அடங்க மெல்ல மேலெழுந்து, அடுத்த மீட்டில் சட்டென்று ஒளிந்துகொள்ளும் அந்த ஏற்ற இறக்கம், இடைவெளியின்றி வாசிக்கும் ராக் கலைஞருக்கு ஒரு பொருட்டே அன்று. சொற்கட்டுக்கும் சொற்கட்டுக்கும் நடுவே நிறுத்தி மௌனத்தையும் ராகத்தின் பகுதியாகக் கருதுபவருக்கோ, அந்த மௌனத்தில் யாரோ வந்து நிற்பதாகத் தோன்றும். தம்பூராச் சுருதியைக் கைப்பேசிச் செயலியில் ஒலிக்கவிட்டு, காதை முழுதும் மூடாத பஞ்சு வைத்த பழைய பாணி ஹெட்போனை அணிந்துகொண்டால், வெளியிலிருந்து கசியும் சுருதி சீறலைப் பெரும்பாலும் மூடிவிடுகிறது. கசிவு பொதுவாக ஹெட்போனின் குற்றமாகவே எண்ணப்படுவது; இங்கு அதுவே பயனாகிறது.

கோரஸைப் பற்றி மென்மையாகப் பேச வழியில்லை. மூல ஒலியின் நகல் ஒன்றை மிகச் சிறிது தாமதித்து, அந்தத் தாமதத்தையும் மெல்லக் கூட்டிக் குறைத்து, மூலத்தோடு கலப்பதே கோரஸ். தாமதம் மாறும்போது நகலின் சுருதியும் சற்று ஏறி இறங்குவதால் ஒன்றே பலவாகக் கேட்கும் மயக்கம் உண்டாகிறது. 1980களின் பாப் இசை முழுவதும் இந்தப் பளபளப்பில் மூழ்கிக் கிடந்தது. சுருதியைத் தாயாகக் கொள்ளும் இசையிலோ, தம்பூராவின் சட்ஜத்துக்கு எதிரே கிட்டாரின் சட்ஜம் இரண்டாகப் பிளந்து நெளிவதைப் போன்ற கொடுமை வேறில்லை. நல்வாய்ப்பாக, கோரஸை நீக்கி எதிரொலியை மட்டும் வைத்துக்கொள்ள விசை இருக்கிறது. அந்த எதிரொலி உண்மையிலேயே அழகானது. 1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் சாங்ஸ்டர், டேர் என்னும் இருவர் உருவாக்கிய பக்கெட் பிரிகேட் வகைச் சுற்று அதை உண்டாக்குகிறது. தீயணைக்க வரிசையில் நிற்போர் வாளியைக் கைமாற்றுவதைப்போல, மின்னழுத்தத்தின் சிறு சிறு அளவுகளை ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததற்கு நகர்த்தி ஒலியைத் தாமதப்படுத்தும் சுற்று அது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கூர்மை சிறிது மழுங்குவதால், எதிரொலி மூலத்தைவிட இருண்டு, பின்னே தள்ளி நின்று, கோயில் மண்டபத்தில் வாசிக்கும் பரப்பைத் தருகிறது.

தொனியைத் திருத்தும் குமிழ் ஒன்றுகூட இல்லாதது ஷோல்ஸின் பிடிவாதத்தையே காட்டுகிறது. கீழ்த்தொனியைக் கூட்டவோ மேல்தொனியைக் குறைக்கவோ வழி வைக்காமல், நான்கு நிலைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். அவர் செவிக்கு உகந்ததே எல்லோர் செவிக்கும் உகந்தாக வேண்டும். பொறியாளர்களுக்கு இயல்பான இத்தன்மை எரிச்சலூட்டினாலும், அவர் செவி அனேகமாகச் சரியாகவே இருந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிட்டார் பெருக்கியின் ஸ்பீக்கர் மிக உயர்ந்த அதிர்வெண்களை வெளியிடாமல் விழுங்கிவிடும். அதைத் தவிர்த்து ஒலியை நேரே ஹெட்போனுக்கு அனுப்பினால், அதிலும் சிதைவு கலந்த ஒலியை அனுப்பினால், காதைக் கிழிக்கும். ஸ்பீக்கரும் அதன் முன் வைத்த மைக்கும் செய்யும் வேலையைச் சுற்றுக்குள்ளேயே வடிகட்டியாக அமைத்ததுதான் ராக்மேனின் வரலாற்றுச் சாதனை. டெஃப் லெப்பர்ட் குழுவின் 1987ஆம் ஆண்டு ஹிஸ்டீரியா ஆல்பத்தின் கிட்டார் ஒலிக்குப் பயிற்சிக்காகச் செய்யப்பட்ட இந்தச் சிறு பெட்டியே அடித்தளமானது அதனால்தான். சிதைவு நிலையைப் பற்றி இங்கு வேறெதுவும் சொல்வதற்கில்லை; அது வேண்டுவோர் அதை ஏற்கெனவே அறிவர்.

ராக்மேன் வெளியான அதே 1982இல் வந்த பயணங்கள் முடிவதில்லை படத்தின் இளைய நிலா பாடலை, கையில் கிட்டாருடன் காணப்படும் எவரிடமும் தமிழ்நாட்டில் கேட்காமல் விடுவதில்லை. அந்தப் பாடலின் விரல் மீட்டலுக்கு ராக்மேனின் தூய நிலை தரும் தொனி கண்ணாடிபோல் இருக்கிறது. ஆனால் மரக் கிட்டாரின் காற்று அதில் இல்லை.

இனி ஊரின் நிலைமைக்கு வரலாம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலையும் உள்ள ரெட்டிபாளையத்தில், லாரிகள் கிளப்பும் புழுதி எந்தப் பொருளையும் விட்டுவைப்பதில்லை. ராக்மேனின் விசைகள் பிளவுகளில் முன்னும் பின்னும் நழுவும் வகையைச் சேர்ந்தவை. அப்பிளவுகள் திறந்தே இருப்பதால் நுண்தூசி உள்ளே புகுந்து, நிலை மாற்றும்போதெல்லாம் கரகரப்பை உண்டாக்குகிறது. மின்தொடர்புகளைத் துடைப்பதற்கென்று விற்கும் தெளிப்பானைச் சிறிதளவு செலுத்தி விசையைப் பலமுறை நகர்த்தினால் கரகரப்பு அடங்கும், ஆனால் புழுதி ஓயாத ஊரில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய நேரும். வாசிக்காத நேரத்தில் கருவியைத் துணிப்பையில் இட்டுக் கட்டி வைப்பது எளிது. மற்றொரு புறம், எர்த் இணைப்பு ஒழுங்காக இல்லாத பழைய வீடுகளில் மின்சாரப் பெருக்கிகள் எழுப்பும் ரீங்காரம் பேட்டரியில் ஓடும் இக்கருவிக்குப் பெரிதும் இல்லை. மின்தடையும் இதைத் தீண்டாது.

பேட்டரி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான கார்பன் வகை எட்டும் விரைவில் தீர்வதோடு, மறந்து உள்ளேயே விட்டுவிட்டால் கசிந்து சுருள்களை அரித்துவிடும். அல்கலைன் வகை நெடுநாள் வரும். மறுமின்னேற்ற வகை தலைக்கு 1.2 வோல்ட் என்பதால் எட்டும் சேர்ந்து 12 வோல்ட்டுக்குப் பதில் 9.6 வோல்ட்டே தரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

1995இல் ராக்மேன் வணிகப்பெயர் டன்லப் நிறுவனத்துக்குக் கைமாறியது. பழைய கருவிகள் இன்று வெளிநாட்டிலிருந்து பழம்பொருளாக வாங்கத்தான் கிடைக்கின்றன. வாங்குவோர் முதலில் பேட்டரி அறையைத் திறந்து பச்சை அல்லது வெண் படிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து எதிரொலியை இயக்கிக் கேட்க வேண்டும். நாற்பதாண்டு கடந்த மின்னாற்பகு மின்தேக்கிகள் உலர்ந்திருந்தால் ஒலி மெலிந்து சீறல் மிகும், ஆனால் அவற்றைச் சென்னை ரிச்சி தெருவில் சொற்ப விலைக்கு வாங்கி ரேடியோ பழுதுபார்ப்பவர் எவரைக்கொண்டும் மாற்றிவிடலாம். எதிரொலிச் சிப் பழுதாகியிருந்தால் நிலைமை வேறு. பழைய பக்கெட் பிரிகேட் சிப்புகளின் பெயரில் போலிகள் உலவுவதால், எதிரொலி வேலை செய்யாத ராக்மேனை எவ்வளவு விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதிருப்பதே நலம்.

கிட்டாரிலேயே நேரே செருகிக்கொள்ளும் வாக்ஸ் ஆம்ப்ளக், 2021இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ போன்ற இக்காலக் கருவிகள் சிறியவை, விலையும் அலைச்சலும் குறைந்தவை; முதல் கிட்டார் வாங்கியவர் அவற்றையே வாங்கலாம். மீட்டின் ஏற்றத்தாழ்வை இவை ராக்மேனைவிட நேர்மையாகக் காட்டுவதால், கீர்த்தனையும் தானமும் பழகுவோருக்கு இவையே பொருந்தும். ராகம் மட்டும் வாசிப்பவருக்கு, அதிலும் தோடி, பைரவி, வராளி என்று கனமான கமகங்களில் இரவைக் கழிப்பவருக்கு, சீறலையும் புழுதியையும் ஷோல்ஸின் பிடிவாதத்தையும் பொறுத்துக்கொண்டு ராக்மேனைத் தேடுவது தகும். தானத்துக்கு வந்ததும் கேபிளைக் கழற்றிவிட்டு, பெருக்கமில்லாத வெறும் தந்தியிலேயே மீட்டைப் பழகிக்கொள்ளலாம்.