வேதநாயகரின் விக்கிரமபுரி

சட்டம் கற்றவர் நாட்டை நடத்தும் நிலைக்கு உயர்வது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் புதுமையான செய்தி அன்று. இல்லினாய் மாநிலத்தில் வழக்கறிஞராய்த் தொழில் நடத்திய ஆபிரகாம் லிங்கன், 1861ஆம் ஆண்டில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். வழக்குமன்றத்தில் பழகிய நா, மக்கள் மன்றத்திலும் பேச வழி இருந்தது. அதே நூற்றாண்டில் தமிழகத்தில் சட்டம் அறிந்த ஒருவருக்கு அவ்வழி திறந்திருந்ததா? மக்கள் வாக்களித்து அமைத்த சட்டமன்றம் அன்றைய சென்னை மாகாணத்தில் இல்லை. அரசியல் அறிவும் நாட்டுப் பற்றும் உடைய ஒருவர் தம் கருத்தை எங்கே சென்று உரைப்பது? மாயூரம் வேதநாயகம் பிள்ளை அதற்குத் தாமே ஓர் இடம் அமைத்துக்கொண்டார். அந்த இடத்தின் பெயர் விக்கிரமபுரி.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டில் பிறந்தவர் வேதநாயகர். நீதிமன்றத்தில் பத்திரக் காப்பாளராகவும், பின் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, 1857இல் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார். ஓய்வுபெற்ற பின் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் விளங்கினார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பசித்தவர்க்குத் தம் பொருளை வாரி வழங்கினார். அக்கொடையைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார்.

மொழிபெயர்ப்பாளராக இருந்த காலமே அவருடைய எழுத்துக்கு வித்திட்டது எனலாம். கட்சிக்காரன் பேசுவது ஒரு மொழி, தீர்ப்பு எழுதப்படுவது வேறொரு மொழி. இரண்டுக்கும் நடுவில் நாள்தோறும் நின்றவர் அவர். தன் நிலத்தைப் பற்றியும் தன் மானத்தைப் பற்றியும் பிறர் பேசுவது விளங்காமல் நின்ற ஏழையின் முகத்தை அவர் அறிவார். எனவே, 1805 முதல் 1861 வரை வெளிவந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் 1862இல் வெளியிட்டார். சட்டத்தைத் தமிழில் சொல்ல இயலாது என்பார்க்கு அந்நூலே விடையாயிற்று. அதற்கு முன்பே, 1859இல் வெளிவந்த ‘நீதிநூ’லில் அறநெறிகளை எளிய செய்யுளில் பாடிய அவர், கையூட்டு வாங்குவோரையும் கண்டிக்கத் தவறவில்லை.

இத்தகைய நீதிபதி 1879இல் வெளியிட்ட நூலே, தமிழின் முதல் நாவல் என்று போற்றப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. அதில் கதையோட்டம் குறைவு என்பதும், கிளைக்கதைகளும் அறவுரைகளும் மிகுதி என்பதும் திறனாய்வாளர் பலர் காட்டிய குறைகள். அவை பொய்யல்ல. ஆயினும், கதை நின்று பேச்சு தொடங்கும் இடங்களிலேயே ஆசிரியரின் உள்ளம் முழுமையாக வெளிப்படுகிறது என்பதையும் மறுத்தல் இயலாது.

விக்கிரமபுரிப் பகுதியை எடுத்துக்கொள்வோர்க்கு இது தெளிவாகும். வழிதவறி அவ்வூருக்கு வந்த பிரதாபன், அறுந்த செருப்பைத் தைக்கக் கொடுத்து, ‘சந்தோஷப்படுத்துகிறேன்’ என்று சொல்கிறான். தைத்தவனோ எவ்வளவு பணம் கொடுத்தாலும் தனக்குச் சந்தோஷம் வரவில்லை என்கிறான். வழக்கு மன்றம் ஏறுகிறது. பிரதாபன் சிறை புகுகிறான். படிப்பவர் சிரிப்பார், ஆனால் சிரிப்பின் அடியில் ஒரு நீதிபதியின் கவலை இருக்கிறது. ஒரே ஒரு சொல்லின் பொருளில் ஒருவன் விடுதலை தொங்குகிறது. இருவரும் ஒரே மொழி பேசும் இடத்திலேயே சொல் இவ்வளவு இடர் செய்யுமாயின், நீதிபதி ஒரு மொழியும் குற்றம் சாட்டப்பட்டவன் ஒரு மொழியும் பேசும் மன்றத்தில் என்ன நேராது?

ஆணுடை புனைந்து வந்த ஞானாம்பாளுக்குப் பட்டத்து யானை மாலையிட, விக்கிரமபுரியின் ஆட்சி அவள் கைக்கு வருகிறது. பிரதாபன் சிறை நீங்குவதும் அதன் பின்னரே. இப்பகுதியில்தான் நீதிமன்ற மொழி பற்றிய வாதம் இடம்பெறுகிறது. நீதிபதி தமிழர், வழக்கறிஞர் தமிழர், கட்சிக்காரரும் தமிழர். அவ்வாறிருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் ஏன் என்பது அதன் சாரம். முன்சீப்பாக இருந்தபோது தீர்ப்பில் எழுத முடியாததை, நாவலாசிரியர் ஆனபோது அரசாணையாக்கிக் காட்டினார் வேதநாயகர். பெண்கல்விக்காக நூல் எழுதிய அவர், செங்கோலைப் பெண்ணின் கையில் கொடுத்ததும் தற்செயலாக நேர்ந்ததன்று.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் ஆகாது. ஞானாம்பாளை அரசாக்கியது யானை; மக்கள் அல்லர். நல்லவர் ஒருவர் அரியணை ஏறினால் நாடு நலம் பெறும் என்பதற்கு அப்பால் அவர் சிந்தனை செல்லவில்லை. நல்லவரைத் தேர்வதும் அல்லவரை நீக்குவதும் மக்கள் கையில் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் விக்கிரமபுரியில் வேர்கொள்ளவில்லை. மக்களாட்சி நிலவிய நாட்டில் வாழ்ந்த லிங்கனுக்கும், அயலார் ஆட்சியில் ஊதியம் பெற்ற வேதநாயகருக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலப்படுகிறது. அது தனி மனிதரின் குறை மட்டுமன்று. காலம் இட்ட எல்லையும் ஆகும்.

கெடா மாநிலத்துத் தமிழாசிரியர் இந்நாவலை மாணவர்க்கு அறிமுகப்படுத்தும்போது, பழமையான நூல் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் போதாது. இம்மண்ணின் நீதிமன்றங்களில் முன்பு ஆங்கிலமும் பின்பு மலாயும் வழங்கின. கூலிமிலிருந்தோ சுங்கைப் பட்டாணியிலிருந்தோ அலோர் ஸ்டாரிலிருந்தோ மன்றம் ஏறிய பாட்டாளி, மொழிபெயர்ப்பாளரின் வாயையே நம்பி நின்றான். மனு எழுதக் கிராணியாரைத் தேடினான். பல இனத்தார் வாழும் நாட்டில் மன்றத்துக்குப் பொதுமொழி ஒன்று வேண்டும் என்பது உண்மை. வேதநாயகரின் தீர்வு அப்படியே இங்குப் பொருந்தாது. அவருடைய கேள்வியோ பொருந்தும்: தன்னைப் பற்றிய தீர்ப்பு தனக்கு விளங்காத மனிதனுக்கு நீதி கிடைத்தது என்று சொல்லலாமா?

அக்கேள்வியைக் கேட்பதற்கு நல்ல மொழிபெயர்ப்பாளரும், நாட்டு மொழியில் தேர்ந்த தமிழரும் வேண்டும். அவர்களை உருவாக்குவது வகுப்பறை. கட்சிக்காரனின் மொழிக்கும் தீர்ப்பின் மொழிக்கும் நடுவில் நின்ற ஒருவரே தமிழ் நாவலைத் தொடங்கி வைத்தார் என்பதை மாணவர் உணர்ந்தால், விக்கிரமபுரி அவர்களுக்குத் தொலைவான ஊராகத் தோன்றாது.