இராத்தங்கல்

தமிழில் பயண நூல்களுக்குப் பஞ்சமில்லை. கோயில், கடைவீதி, சாப்பாடு, செலவுக் கணக்கு எல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் எழுதியவர் இரவில் எங்கே படுத்தார், அந்த இடத்துக்கும் அவருக்கும் என்ன உறவு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. பயணத்தின் உயிர் இராத்தங்கலில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

சேக்கிழார் இதை அறிந்தவர். சேரமான் பெருமாளோடு பாண்டி நாட்டைச் சுற்றி வந்த சுந்தரர் திருச்சுழியில் தங்குகிறார். கனவில் இறைவன் பொற்செண்டு ஏந்திய காளையாக வந்து, தாம் இருப்பது கானப்பேர் என்கிறார். சுந்தரர் அங்கிருந்து காளையார்கோயிலுக்குப் புறப்படுகிறார். ஒரு ஊரில் கழித்த இரவு அடுத்த ஊருக்கு வழி திறந்துவிடுகிறது. கதை சொல்லத் தெரிந்தவர் கை அது.

இந்தத் திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் வற்றிப் புல் தீர்ந்தால் ஆடு வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? மந்தையை ஓட்டிக்கொண்டு, தை மாசியில் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி மாதக்கணக்கில் போவார்கள். தலைவருக்குக் கீதாரி என்று பெயர். இரவில் ஒரு வயலில் கிடை போடுவார்கள். புழுக்கை நிலத்துக்கு உரமாகும். அதற்கு வயல்காரர் கூலி கொடுப்பார். உல்லாசப் பயணி கூடாரம் அடிக்க வாடகை கொடுக்கிறார். இங்கே படுத்து எழுந்தவர்களுக்கே பணம் கிடைக்கிறது!

நாவலுக்கு அருமையான பொருள். இருவர் இதைத் தொட்டிருக்கிறார்கள். கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவலில் ஆடுகள் பருத்திப் புஞ்சையில் இறங்கிவிடுகின்றன. ஊர் கூடி விசாரிக்கிறது. ஒரு காதலும் சாதியின் கனமும் வெளிப்படுகின்றன. ஆனால் அது ஊர்க்கிடை. ஊரை விட்டு நெடுந்தூரம் போவதில்லை. சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ (2003) இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து போன இடையர்களின் கதை. மழையிலும் வெயிலிலும் வெட்டவெளியில் குடும்பம் நடத்தும் பெண்களின் பாட்டை அவர் போல் எழுதியவர் இல்லை. எனினும் அவர் கண் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த நெல் பூமியின் மேலேயே இருக்கிறது. அவர் அந்த மண்ணில் பிறந்தவர். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

புறப்பட்ட வீடு என்ன ஆயிற்று? ஆஸ்திரேலியாவில் ஹென்றி லாசன் 1892இல் ‘மந்தையோட்டியின் மனைவி’ என்ற சிறுகதை எழுதினார். கணவன் ஆடுகளோடு போயிருக்கிறான். வீட்டுக்கடியில் பாம்பு. பிள்ளைகளுக்குக் காவலாக அவள் இரவெல்லாம் விழித்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை, அந்தக் கண்டத்தின் நீளம் முழுவதும் அந்த ஓர் இரவில் தெரிகிறது. திருச்சுழிப் பக்கத்தில் வீட்டைக் காத்துக் கிடக்கும் கிழவிக்கு அப்படி ஒரு கதை வாய்த்ததாக நான் படித்ததில்லை. வீட்டுக்கும் வயலுக்கும் நடுவே நடந்த நாட்களுக்கும் வாய்க்கவில்லை.

மேய்ச்சல் வழிகள் மனைக்கட்டுகளாகவும் நாற்கரச் சாலைகளாகவும் மாறி வருகின்றன. வழி அடைபட்டபின் எழுதினால் அது சரித்திரமாகத்தான் இருக்கும். நாவல் வேண்டுமென்றால், ஆடுகள் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே யாராவது கூட நடந்து பார்த்து எழுத வேண்டும்.