மொட்டை மலை என்று யார் சொன்னது?

வேலூருக்கென்று ஒரு கேலிப் பட்டியல் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சாமிக் கணக்கு 1981 மார்ச்சிலேயே தீர்ந்தது. சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ஆற்றுக் கணக்கை 2021 நவம்பரில் பாலாறே கரைபுரண்டு ஓடித் தீர்த்துவைத்தது. ராஜாவை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது மலை. அதற்காக நான் பேசியே ஆக வேண்டும். எனக்குப் பிடித்த மலை எது என்று யார் கேட்டாலும், ஏலகிரியையும் ஜவ்வாதையும் தள்ளிவைத்துவிட்டு, ஊருக்குக் கிழக்கே நிற்கும் இந்தச் சஜ்ஜராவ் மலையைத்தான் சொல்வேன்!

உயரம் ஒன்றும் பெரிதில்லை. கடைசி வீட்டுத் தெருவைத் தாண்டினால் பாறை தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் உச்சிக்குப் போய்விடலாம். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் என்னென்ன! ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு போனால் பாறைக் குழிகளில் எல்லாம் தண்ணீர். இடுக்குகளில் இடுப்பளவு புல். சீத்தாச் செடி, காரை, சூரைமுள், கள்ளி. கௌதாரி ஒன்று காலடியிலிருந்து படபடவென்று கிளம்பி நம்மைத் தூக்கிவாரிப்போடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஆவாரை, சரிவு முழுக்க மஞ்சளாக. அந்த மஞ்சளைப் பார்க்கவே நான் ஏறுவேன்.

ஒருநாள் அந்தச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆவாரங் கொம்பு ஒன்றை வளைத்துக் காட்டிச் சொன்னார்: "எங்கம்மா காலத்துல இந்தப் பட்டைய உரிச்சி, கட்டு கட்டி, தோல் ஷாப்புக்குத் தூக்கினு போவாங்க தம்பி. பூவத்தான் எல்லாரும் பாக்கறீங்க."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் நாட்டுக்கு முதல் போட்டது இந்தப் புதர்தான்! சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கிய தோலை, இடித்த ஆவாரம் பட்டை ஊறிய குழியில் நாள்கணக்கில் போட்டு எடுப்பார்கள். பிறகு கடுக்காய்த் தண்ணீர். அப்படிப் பதனிட்ட வெளிர்நிறத் தோல் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் லண்டன் சந்தை வரைக்கும் போனது. பின்னால் ஆப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது, அதற்கும் பின்னால் குரோம் உப்பு வந்தது, தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போயிற்று. மலையில் ஆவாரை மட்டும் யாரும் உரிக்காமல் பூத்துக் கிடக்கிறது. இதைப் போய் மொட்டை மலை என்கிறார்கள்!

மேலே மராட்டியர் கட்டிய மதில். கையால் தொட்டுப் பாருங்கள், காலையிலும் லேசாகச் சுடும். 1677-இல் சிவாஜி தெற்கே வந்தபோது வேலூர்க் கோட்டை பிஜாப்பூரின் கையில், அப்துல்லா கான் என்ற தளபதியின் காவலில் இருந்தது. நேராக மோதிப் பிடிக்க முடியாத கோட்டை அது. அகழி நிறைய முதலைகள் இருந்ததாகச் சபாசத் பகர் என்ற மராட்டிய வரலாற்று நூலில் எழுதியிருக்கிறது. அதனால்தான் மராட்டியர் கண்ணை இந்தக் குன்றுகள் பக்கம் திருப்பினார்கள். சாஜ்ரா, கோஜ்ரா என்று பெயரிட்டு, மேலே அரண் கட்டி, பீரங்கி ஏற்றினார்கள். சிவாஜி ஊர் திரும்பிய பிறகும் முற்றுகை விடவில்லை. பதினான்கு மாதம் போல நீண்டு, 1678-இல் கோட்டை விழுந்தது. சாஜ்ராதான் நம் வாயில் சஜ்ஜராவ், கோஜ்ரா குஜ்ஜராவ்.

ஏன் இந்த இடம் என்பது மேலே நின்றால் ஒரு நொடியில் புரிந்துவிடும். 133 ஏக்கர் கோட்டையும் கண்ணுக்கு நேரே விரிந்து கிடக்கிறது! அகழி, இரட்டை மதில், கோபுரம், மாதாகோயில், மசூதி எல்லாம் ஒரே பார்வைக்குள். 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் அந்த மதில்களுக்குள்தான். அந்தப் பக்கம் சி.எம்.சி. மருத்துவமனைக் கட்டடங்கள். வடக்கே பாலாற்று மணல், அதற்கும் அப்பால் காட்பாடிக்கு வரும் ரயிலின் ஊதல். வேலூர்ச் சரித்திரத்தைப் புத்தகம் புத்தகமாகப் படித்தவன் நான். இங்கே ஏறி நின்ற பிறகுதான் எது எதற்கு எத்தனை தூரம் என்பதே எனக்குப் பிடிபட்டது.

சித்திரை, வைகாசியில் மட்டும் வேண்டாம், பாறை கொதிக்கும். மார்கழிதான் சரி. விடிவதற்குள் கிளம்புங்கள், தனியாகப் போகாதீர்கள், நல்ல பிடிமானமுள்ள ஷூ போடுங்கள் (ஆம்பூர்ப் பக்கத்தில் ஷூவுக்கா பஞ்சம்!), ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிப் போங்கள்; கோட்டையை மேலிருந்து முதலில் கண்டுபிடிப்பது அவர்களாகத்தான் இருக்கும். மதிலில் பெயர் கிறுக்க மட்டும் விடாதீர்கள். சஜ்ஜராவ் முடிந்ததும் குஜ்ஜராவ் இருக்கிறது, அதற்கு இன்னொரு காலையை ஒதுக்கி வையுங்கள்.