கதை கேட்ட பாலையா

‘காதலிக்க நேரமில்லை’ பற்றிய துணுக்குகளுக்குப் பஞ்சமே கிடையாது. படத்தில் வரும் பணக்கார வீடு ஆழியாறு அணை விருந்தினர் மாளிகை. காஞ்சனா அதற்கு முன்பு விமானப் பணிப்பெண். ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். அழுகைப் படங்களாக எடுத்துக்கொண்டிருந்த ஸ்ரீதரை ‘முழுக்க முழுக்கச் சிரிக்கிற மாதிரி ஒரு படம் எடுப்போமே’ என்று மெரினா கடற்கரையில் வைத்து மசிய வைத்தவர் கோபு. 1964 பிப்ரவரி 27 அன்று படம் வெளியானது முதல் இவை சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. நீங்களும் படித்திருப்பீர்கள், யாருக்காவது அனுப்பியும் இருப்பீர்கள்.

எனக்கும் இவை பிடிக்கும். ஆனால் எல்லாத் துணுக்கும் கடைசியில் ஒரே காட்சியில் வந்து நிற்கும். அங்கே வந்ததும் எல்லோரும் ஒரே மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சிதான். ‘நாகேஷ் பின்னியிருப்பார்’, ‘அந்த ஆள் அங்கேயே பேசி ஊதித் தள்ளினது’, ‘எழுதிக் கொடுத்தா இப்படி வருமா?’ இந்த ரகம். நாகேஷின் திறமையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கவலை வேறு. இந்தப் பேச்சில் இரண்டு பேர் காணாமல் போகிறார்கள். ஒருவர் அதை எழுதினவர். இன்னொருவர் அதைக் கேட்டவர்.

முதலில் எழுதினவர். சித்ராலயா கோபுவும் ஸ்ரீதரும் செங்கல்பட்டுப் பள்ளிக்கூட நண்பர்கள். அங்கேயே நாடகம் போட்டவர்கள். ‘கல்யாண பரிசு’ (1959) படத்தில் ஜெமினி கணேசனும் சரோஜாதேவியும் விஜயகுமாரியும் கண்ணீரில் முங்கிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் தங்கவேலு ஒரு தனி ராஜ்ஜியம் நடத்துவார். மன்னார் அண்ட் கம்பெனியில் மேனேஜர் உத்தியோகம் என்று மனைவியிடம் அளப்பார். தானே எழுத்தாளர் பைரவன் என்பார். அந்த நகைச்சுவை கோபுவுடையது. ஐந்து வருஷம் கழித்து நாகேஷ் நடத்தும் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ஸை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே வெறும் பேரில் மட்டும் நடக்கிற கம்பெனிகள். தங்கவேலுவுக்கு அது பொய் என்று தெரியும். நாகேஷின் செல்லப்பாவோ தன் கம்பெனியை மனதார நம்புகிறான். 1972இல் கோபு இயக்கிய ‘காசேதான் கடவுளடா’வில் தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியாராக வந்து உட்காருவார். ஒரு பொய், அதை நம்ப ஓர் ஆள். கோபு வாழ்நாள் முழுக்கத் தோண்டின கிணறு இதுதான்.

கதை சொல்லும் காட்சிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. இயக்குநர் தாதா மிராசி கதை சொன்னால் சத்தங்களையும் சேர்த்தே சொல்வாராம். வாய், கை, கண் எல்லாம் வேலை செய்யுமாம். அவர் சொன்னதைக் கேட்ட அனுபவத்திலிருந்துதான் இந்தக் காட்சி பிறந்தது என்பது கோபு வழியாக வந்த செய்தி. அதே 1964இல் அந்தத் தாதா மிராசி எடுத்த படம் ‘புதிய பறவை’. சிவாஜி கணேசனின் கைகள் நடுங்க, நமக்கும் முதுகுத்தண்டு சிலிர்த்த படம். அவர் கதை சொல்லும் விதத்தைக் கிண்டல் செய்த காட்சியும், அவரே சொல்லி மிரட்டிய கதையும் ஒரே வருஷத்தில் திரைக்கு வந்தன! துணுக்கு என்றால் இதுதான் துணுக்கு. ஆனால் ‘நாகேஷ் அங்கேயே பேசினார்’ அளவுக்கு இது பரவவில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், கோபு கதை சொல்கிறவனை மட்டும் பார்த்து எழுதவில்லை. கதை கேட்கிறவனாக உட்கார்ந்திருந்த அனுபவத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார். தயாரிப்பாளர் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்து, இது வெறும் கதை என்று தெரிந்துகொண்டே பயப்படுவது எப்படி என்பது அவருக்குத் தெரியும்.

இனி பாலையா. 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த ‘சதி லீலாவதி’யில் அறிமுகமானவர் (எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம்). வில்லனாகவே நிறைய நடித்தவர். மிரட்டுவதற்குப் பழகிய முகம் அது. அந்த முகத்தை மிரள வைப்பதில்தான் காட்சியின் பாதிச் சிரிப்பு இருக்கிறது. ஆரம்பத்தில் அவர் விஸ்வநாதன், எஸ்டேட் முதலாளி, பணம் கேட்டு நச்சரிக்கும் உதவாக்கரைப் பிள்ளையின் அப்பா. ‘என்னத்தைச் சொல்லப் போறான்’ என்கிற அலட்சியம். நாகேஷ் சத்தங்களை ஆரம்பித்ததும் அந்த அலட்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கண் அகலுகிறது, வாய் பாதி திறக்கிறது, உடம்பு நாற்காலிக்குள் சுருங்குகிறது. ஒரு கட்டத்தில் முதலாளியும் இல்லை, அப்பாவும் இல்லை. பாட்டியிடம் பேய்க்கதை கேட்கும் பையன்தான் மிச்சம்.

ஒருமுறை நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பார்த்துக்கொண்டு அந்தக் காட்சியை ஓட விடுங்கள். நாகேஷ் சொல்வது துண்டு துண்டான சத்தங்கள்தான். கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எழுதிப் பார்த்தால் அரைப் பக்கம் தேறாது. அந்தச் சத்தங்களை ஒரு கதையாகக் கட்டுவது பாலையாவின் முகம். அவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறாரோ அதைத்தான் நாமும் பார்க்கிறோம்.

என் பெரிய வாதம் இனிமேல்தான். அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் நகைச்சுவை பெரும்பாலும் தனித் தண்டவாளம். ‘கல்யாண பரிசு’வில் தங்கவேலு பகுதியை அப்படியே உருவிவிடலாம், மூலக்கதைக்கு ஒரு சேதமும் வராது. வானொலியில் தனியாகவே போட்டுக் கேட்டோமே! ‘காதலிக்க நேரமில்லை’யில் கதை சொல்லும் காட்சியும் அப்படித்தான் தெரியும். காதல் கதைக்கு ஒரு திருப்பமும் அதில் இல்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் படம் நொண்டும் என்பது என் கட்சி.

படத்தின் முடிச்சு என்ன? வேலையிலிருந்து துரத்தப்பட்ட அசோக் (ரவிச்சந்திரன்) முதலாளி மகளைக் காதலிக்கிறான். தான் பெரிய பணக்காரரின் மகன் என்று ஒரு பொய். அந்தப் பணக்கார அப்பா ‘சிதம்பர’மாக, நண்பன் வாசு (முத்துராமன்) கிழ வேஷத்தில் வருகிறான். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும் வேஷம். விஸ்வநாதனுக்கு மட்டும் தெரியவில்லை. பணத்தாசை என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணத்தை அந்தக் கதைக் காட்சி காட்டிக்கொடுக்கிறது. உருப்படாதவன் என்று தனக்கே தெரிந்த மகன் வாயால் சத்தம் போட்டாலே நடுங்கிவிடுகிற மனுஷன் இவர். நல்லா சொன்னா நம்பிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் ஒட்டுத்தாடியும் தடியுமாக ஒருத்தன் வந்து நின்றால் நம்பாமல் என்ன செய்வார்? வேஷம் எடுபடும் என்று நம்மை நம்ப வைப்பதே அந்தப் பேய்க்கதைதான்.

பணம் என்றதும் அவர் மாறும் இடம் இன்னும் ருசி. நேற்றுவரை ‘அவன் இவன்’ என்று திட்டின பையனுக்கு ‘ர்’ விகுதி ஒட்டிக்கொள்கிறது. அசோக், அசோகர் ஆகிறான். சரி, போகட்டும். அதோடு விடாமல் ‘மகன்’ என்ற சொல்லுக்கும் மரியாதை போட்டு ‘மகர்’ ஆக்குகிறார் பாலையா. ஒரே ஓர் எழுத்தில் ஒரு மனுஷனின் முழுப் பேராசையும் தெரிந்துவிடுகிறது.

இந்தப் படத்தை இந்தியில் ‘பியார் கியே ஜா’ (1966) என்று எடுத்தவரும் ஸ்ரீதரேதான். நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் அங்கே வாஹ் வாஹ் புரொடக்‌ஷன்ஸ். மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேரின் சிறந்த நகைச்சுவை நடிகர் விருதும் கிடைத்தது. கதைக் காட்சி அங்கேயும் சிரிக்க வைக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே காட்சி மெஹ்மூதின் கைக்குள் போய்விடுகிறது. ஓம் பிரகாஷ் நல்ல நடிகர். ஆனால் முகத்திலேயே அப்பாவித்தனம் எழுதியிருக்கும் மனிதர். அவர் பயப்படும்போது ‘பாவம்’ என்றுதான் தோன்றுகிறது. பாலையா பயப்படும்போது ‘அட, நீயுமா!’ என்கிறோம். அந்த ‘மகர்’ சமாச்சாரமோ மொழிபெயர்ப்பில் தப்பிக்கவே முடியாதது. ‘ஜி’ சேர்க்கலாம், அதற்கு மேல் வழி கிடையாது.

பாலையாவை இவ்வளவு பேசிவிட்டுச் சச்சுவை விட்டால் நானும் துணுக்கு எழுதுகிறவர்கள் செய்வதையே செய்ததாகும். குழந்தை நட்சத்திரமாக வந்தவர். 1962இல் ஏவி.எம். எடுத்த ‘வீரத்திருமக’னில் சி.எல். ஆனந்தனுக்குக் கதாநாயகி. இரண்டே வருஷத்தில் அவரை நாகேஷுக்கு ஜோடியாகக் கூப்பிடுகிறார்கள். தயங்கிவிட்டுத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். படத்தில் அவருக்கு என்ன வேஷம்? எஸ்டேட் மேனேஜர் மகள் மீனா. அவளிடம் வந்து ‘உன்னைக் கதாநாயகி ஆக்குகிறேன்’ என்று ஆசை காட்டுகிறான், பையில் காலணா இல்லாத செல்லப்பா. நிஜத்தில் கதாநாயகியாக இருந்துவிட்டு வந்த பெண்ணிடம்! எழுதினவர்கள் வேண்டுமென்றே வைத்தார்களோ, தானாக அமைந்ததோ, சச்சுவின் முகத்தில் வந்துபோகும் அந்த ஆசையைப் பார்க்கும்போது எனக்கு முழுசாகச் சிரிப்பு வருவதில்லை. அதற்குப் பிறகு அவர் நகைச்சுவை நடிகை என்றே நிலைத்தார். அதில் அவருக்கு நல்ல பேரும் கிடைத்தது.

பாலையாவுக்கு அடுத்த வருஷம் ‘திருவிளையாடல்’ வந்தது. தருமி நாகேஷைப் பற்றி இன்றும் பேசிக்கொண்டே இருக்கிறோம். அதே படத்தில் ஹேமநாத பாகவதர், தன்னை வெல்லப் பாண்டிய நாட்டில் ஆள் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தி வருகிற பாடகர், ராத்திரியில் ஒரு விறகுவெட்டி பாடுவதைக் கேட்கிறார். கேட்கக் கேட்க முகத்திலிருந்து கர்வம் இறங்கி, விடிவதற்குள் ஊரைக் காலி செய்கிறார். அங்கேயும் பாலையாவுக்குக் கொடுத்த பெரிய வேலை, சும்மா உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பதுதான்.