முத்துக்குளிப்பவர் தேவை: ஒரு ஸ்டாக் அசைன்மென்ட் பற்றிச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஸ்டாக் போட்டோ நிறுவனத்திடமிருந்து மெயில் வந்தது. தென்னிந்தியக் கடற்கரைத் தொழில்கள் என்ற தலைப்பில் 20 படங்களும் 3 வீடியோ துண்டுகளும் வேண்டுமாம். தேர்வாகும் ஒவ்வொன்றுக்கும் பேசிய தொகை. கூடவே ஒரு பட்டியல்: விடியலில் கன்டெய்னர் கப்பல், உப்பளத்தில் சிரிக்கும் பெண்கள், வலை பின்னும் குடும்பம், கடைசியில் உள்ளங்கையில் முத்தோடு ஒரு முத்துக்குளிப்பவர். அந்தக் கடைசிப் படத்துக்குத்தான் தொகை அதிகம்.

எனக்குச் சோறு போடுவது கோடு எழுதும் வேலை. படம் எடுப்பது ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். ஆனால் சொந்த ஊர் தூத்துக்குடி. நாலு நாள் லீவு சொல்லிவிட்டு முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினேன். ரயிலுக்கே அந்தப் பெயர் என்பதைக் கவனியுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

கப்பல் படம் சுலபம் என்று நினைத்தேன். துறைமுகத்துக்குள் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையின் காவல், அனுமதி இல்லாமல் கேமராவோடு நுழைய முடியாது. வெளியே கடற்கரையிலிருந்து எடுத்தாலும் விளம்பர உரிமத்துக்குக் கம்பெனிப் பெயர், லோகோ எதுவும் தெரியக்கூடாது. கன்டெய்னர் ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கும். ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து அழித்தேன். அழித்து முடித்த பிறகு பார்த்தால் அது தூத்துக்குடி இல்லை, எந்த ஊரும் இல்லை. வள்ளத்தின் முகப்பில் இருந்த பதிவு எண்ணும் போய்விட்டது. சரி, ஸ்டாக் படம் என்றாலே அதுதானே என்று விட்டுவிட்டேன்.

உப்பளத்தில்தான் கொஞ்சம் உறுத்த ஆரம்பித்தது. ஒரே பெண்ணை இரண்டு விதமாக எடுத்தேன். முதல் படத்தில் முகத்தைச் சுற்றித் துணி, கண் மட்டும் தெரிகிறது, வெள்ளைப் பாத்தியின் கூச்சத்தில் அதுவும் பாதி மூடியிருக்கிறது. இரண்டாவதில், நான் கேட்டுக்கொண்டதால் துணியை இறக்கிவிட்டுச் சிரிக்கிறார். இரண்டாவது தேர்வானது. முதலாவது, முகம் தெரியவில்லை என்று ரிஜெக்ட். படமாகப் பார்த்தால் முதலாவதுதான் நல்ல படம். உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணையும் தோலையும் என்ன செய்யும் என்பது அந்தத் துணியின் சுற்றிலேயே இருக்கிறது. இரண்டாவதில் இருப்பது உப்பளத்தில் தானாக நடக்கும் விஷயம் இல்லை, கேமராவோடு ஒருத்தன் போய் நின்றால் மட்டும் நடப்பது. அதை நடத்தியவன் நான்.

இனி முத்து. தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961-ல். 1955-ல் தொடங்கிய தொடரின் கடைசி வருஷம் அது. அதன்பிறகு பார்களில் சிப்பி சலாபம் நடத்தும் அளவுக்குச் சேரவே இல்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. அது ஆய்வுக்கூடத்துச் சாதனை, மூச்சுப் பிடித்துக் கடலில் இறங்குகிற கதை இல்லை. அன்று 20 வயதில் குளித்தவருக்கு இன்று 80 தாண்டியிருக்கும். இன்றைக்கு இங்கே கடலில் மூழ்குகிறவர்கள் சங்கு எடுக்கிறவர்கள்.

தெரஸ்புரத்தில் அப்படி ஒருவரைப் பிடித்தேன். 58 வயது. அசைன்மென்ட் விவரத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"முத்தா? அது எங்கப்பா காலத்தோட போச்சு தம்பி. நாங்க சங்குக்காரங்க."

"தெரியும்ணே. அவங்க முத்துன்னு கேக்காங்க."

"சங்கு எடுக்கவன சங்குக்காரன்னு எழுதினா என்ன, காசு தர மாட்டாங்களா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு மாடல் ரிலீஸ் படிவத்தை நீட்டினேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். நான் வாய்மொழியாகச் சொன்ன சுருக்கம்: "உங்க படத்த எங்க வேணும்னாலும் போடலாம், பேரு வராது, பின்னால காசு கேக்க முடியாது." சொல்லி முடித்ததும் எனக்கே கேட்க நன்றாக இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரிண்ட் மட்டும் கேட்டார்.

ஸ்டாக் பற்றிப் பேசினால் போட்டோகிராபர் நண்பர்கள் எல்லாரும் விகிதத்தைத்தான் திட்டுவார்கள். நியாயம்தான். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் 15-லிருந்து 40 சதவீதம் வரை ஆறு படி வைத்தது, ஜனவரி 1 வந்தால் எல்லாரும் மறுபடி முதல் படி. ஐஸ்டாக்கில் பிரத்யேக ஒப்பந்தம் இல்லாதவர் படத்துக்கு 15. அடோபி ஸ்டாக்கில் 33, வீடியோவுக்கு 35. இந்த 33-ஐப் பார்த்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. பிரிட்டிஷ் காலச் சலாபங்களில் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள், குளித்தவருக்கு ஒன்று, சர்க்காருக்கு இரண்டு. நூறு வருஷம் கழித்தும் அதே மூன்றில் ஒன்று!

ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்கக்கூடாது. சலாபத்துக் குவியல் கண் முன்னால் பிரிக்கப்பட்டது, தன் பங்கை அவர் கரையிலேயே விற்கலாம். என் டாஷ்போர்டில் தெரிவது தேதியும் சில சென்ட்டும்தான், வாங்கியது யார் என்று தெரியாது. தெரஸ்புரத்து அண்ணனுக்கு அந்த டாஷ்போர்டும் கிடையாது. முக்குளித்தவர் அவர், மூன்றில் ஒரு பங்கு எனக்கு.

அசைன்மென்ட் எடுப்பவர்கள் சட்டத்தில் ஒரு இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. நம் காப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17(பி): ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சாதாரணமாக நாமே அப்லோட் செய்யும் படத்தில் உரிமை நம்மிடம், நாம் கொடுப்பது உரிமம் மட்டும். அசைன்மென்ட் என்று ஆனதும் கணக்கு மாறலாம், ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தில் உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் 5 வருஷம், இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று பிரிவு 19 சொல்கிறது. அதனால்தான் இந்த ஒப்பந்தங்களில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்பது தவறாமல் இருக்கும்.

ஆனால் விகிதமோ உரிமையோ என் முதல் புகார் இல்லை. புகார் அந்தப் பட்டியலைப் பற்றி. படம் எடுப்பதற்கு முன்பே அதன் தலைப்பு எழுதப்பட்டிருக்கிறது, ஊர் அதற்கு ஒத்துப்போக வேண்டும். ஸ்டாக் என்றாலே பொதுவான படம்தானே, டூத்பேஸ்ட் விளம்பரத்துக்கு எந்த ஊர் உப்பாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன். கப்பலின் பெயரை அழித்ததில் ஒரு தகவல் குறைந்தது, பொய் எதுவும் சேரவில்லை. "தூத்துக்குடி முத்துக்குளிப்பவர்" என்பது அப்படி இல்லை, அது இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்கிறது. முன்பெல்லாம் தப்பான தலைப்பு ஒரு பத்திரிகைப் பக்கத்தோடு போய்விடும். இப்போது அதே தலைப்பும் கீவேர்டும் ஏஐ மாடலுக்குப் பாடம். அடோபி தன் ஸ்டாக் படங்களை வைத்து ஃபயர்ஃபிளையைப் பழக்கியது 2023-ல் வெளிவந்தது, ஷட்டர்ஸ்டாக் அதே வருஷம் ஓப்பன்ஏஐயோடு ஆறு வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டது. நாளைக்கு யாராவது தூத்துக்குடி என்று தட்டினால் வரப்போகும் மனுஷனை நாம்தான் இன்று டைப் செய்துகொண்டிருக்கிறோம்.

வெளிநாட்டு எடிட்டரை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் முடியாது. நாங்களே முத்து நகர் என்கிறோம், ரயிலுக்கு அந்தப் பெயர், பள்ளிக்கூடத்தில் கொற்கை முத்து. சங்கு நகர் என்று யாரும் போர்டு வைத்ததில்லை. அந்தப் பெருமைக்குள் 1961 என்கிற வருஷம் காணாமல் போய்விடுகிறது.

சங்கு என்றே தலைப்பு போட்டு அனுப்பினேன். கீவேர்டில் முத்தைச் சேருங்கள், இல்லாவிட்டால் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. எடுத்துவிட்டேன். மற்றவற்றில் 11 தேர்வாயின.

இதைச் சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால், பழைய கணக்கைப் புரட்டும்போது இன்னொன்று கிடைத்தது. 2019-ல் வேறொரு தளத்தில் நானே போட்ட படம். வள்ளத்தில் நிற்கும் ஒரு சங்குக்காரர். கீவேர்டுகளில் நாலாவதாக "முத்துக்குளிப்பவர்". யாரும் கேட்கவில்லை, தேடலில் மேலே வரட்டும் என்று நானே சேர்த்தது. ஏழு முறை விற்றிருக்கிறது. கீவேர்டை இப்போது நீக்கிவிட்டேன். விற்றுப்போன ஏழு பிரதிகளில் அது அப்படியேதான் இருக்கும்.

தெரஸ்புரத்துக்குப் பிரிண்ட் அனுப்பியாச்சு. மாடல் ரிலீஸ் படிவத்தில் இருப்பதை அப்படியே சொல்லும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன், கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்டுவதற்கு. வக்கீல் நண்பர் ஒருவர் பார்த்துத் தரேன்னு சொல்லியிருக்கிறார். வந்ததும் இங்கே போடுகிறேன்.